ஒப்பந்த வேலையும் நிலையான வேலையும்



நம் குடும்பங்களில் ஐ.டி.ஐ. பயின்று எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் எனத் தொழில் கற்ற பிள்ளைகள் பெருகி வருகின்றனர். பாட்டனார் கங்காணியின் பின்னால் மலையேறினார். தந்தையார் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தார். மகனோ மோட்டாரையும் மின்பலகையையும் பழுதுபார்க்க அறிந்தவனாய் நிற்கிறான். இம்மாறுதல் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், சான்றிதழ் கைக்கு வந்தவுடன் அப்பிள்ளைக்கு ஒரு வினா எழுகின்றது. காண்ட்ராக்டரிடம் நாட்கூலிக்குச் செல்வதா, ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்திற்கு அமர்வதா? இவ்வினாவையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு ஓர் இளைஞனை எண்ணிக்கொள்வோம். அவன் மூணாற்றுத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், மலம்புழா ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் தொழில் பயின்றவன். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு சேரும் மலைப்பாதை அவனுக்குப் பழகிய பாதை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் அவனுக்கு இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. ஒரு காண்ட்ராக்டர் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். ஒரு சிறு தொழிற்சாலை மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் தன் சொந்தப் பணியாளனாகச் சேர்த்துக்கொள்ள முன்வருகிறது. அடுத்த ஆண்டில் தந்தை ஓய்வு பெறுகிறார். தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் விட்டு இறங்கவேண்டும். பெற்றோரைக் குடிவைக்க ஒரு கூரை தேடும் பொறுப்பு இவன் தலைமேல் விழப்போகிறது. இந்நிலையில் அவன் எதனைத் தேர்வான்?

1. வேலையின் இயல்பை முதலில் அறிக

கூலியை வினவுமுன் வேலையை வினவ வேண்டும். இந்த வேலை இயல்பாகவே முடிவுடையதா, அன்றி ஆலை நடக்குமளவும் தொடர்வதா?

இடுக்கி மாவட்டமே இதற்கு நல்ல சான்று. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ஆம் ஆண்டில் பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கியது. இடுக்கித் திட்டம் 1976-இல் மின்சாரம் தந்தது. மூலமற்றத்தில் நிலத்தடியே அமைந்த மின்நிலையத்தில் 130 மெகாவாட் திறனுடைய ஆறு எந்திரங்கள் உள்ளன. மொத்தம் 780 மெகாவாட். அணை கட்டவும் மலையைக் குடையவும் பெருங்கூட்டம் சில ஆண்டுகளுக்கு வேண்டியிருந்தது. கட்டி முடிந்ததும் அவ்வேலையும் முடிந்தது. எந்திரத்தை இயக்கவும் எண்ணெயிடவும் பழுதுபார்க்கவும் வேண்டியவர் தொகை சிறிது. ஆனால் அவ்வேலை இன்றளவும் முடியவில்லை. கட்டுதல் முடியும், இயக்குதல் தொடரும்.

ஆதலின், ஒப்பந்த வேலை இருவகைப்படும். புதிய ஆலைக்கு வயரிங் செய்தல், எந்திரங்களைப் பொருத்துதல், ஆண்டுக்கொருமுறை ஆலையை நிறுத்திச் செய்யும் ஷட்டவுன் பணி ஆகியவை முதல் வகை. இவை தாமாகவே முடியும் வேலைகள். இவற்றை ஒப்பந்தத்தில் விடுவதில் வஞ்சனை ஏதுமில்லை. ஒரே ஆலையில், ஒரே மின்பலகையை, ஆறாண்டு பத்தாண்டு என்று ஒருவன் பார்த்துவர, அவன் பெயர் மட்டும் காண்ட்ராக்டரின் பட்டியலில் இருப்பது இரண்டாம் வகை. அங்கே வேலை நிலையானது. வேலை செய்பவன் மட்டும் நிலையற்றவன். கங்காணி முறையை அறிந்த நமக்கு இது புதிதன்று. உழைப்பவனுக்கும் உழைப்பைப் பெறுபவனுக்கும் நடுவில் ஒருவர் நின்று, ஆளுக்கு இவ்வளவு என்று தரகு பெற்றதே அம்முறை.

சட்டமும் இவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டது. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒரு பணியில் ஒப்பந்த முறையைத் தடைசெய்யலாமா என்று முடிவு செய்கையில், அப்பணி ஆண்டு முழுதும் நிகழ்வதா, தொழிலுக்கு இன்றியமையாததா, வழக்கமாகச் சொந்தப் பணியாளரால் செய்யப்படுவதா என்பனவற்றை நோக்கச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துதலாகாது என்கிறது. எனினும் வேலை திடீரெனப் பெருகுதல் முதலான சில விலக்குகளையும் அதுவே வைத்துள்ளது.

2. "பின்னால் நிரந்தரமாக்குவார்கள்" என்னும் நம்பிக்கை

இரண்டாம் வகை வேலையில் பலரைப் பிணித்து வைப்பது இந்நம்பிக்கையே. இதனை நாம் மெய்ம்மையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

2001-இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் உச்சநீதிமன்றம், ஒரு பணியில் ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும், அதில் உழைத்தவர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் பணியாளராகி விடமாட்டார் என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் வெறும் போர்வையே என்று மெய்ப்பிக்கப்பட்டால் நிலை வேறு; ஆனால் மெய்ப்பிப்பது எளிதன்று. 2006-இல் உமாதேவி வழக்கில், அரசுப் பணியில் முறையான தேர்வின்றிச் சேர்ந்தவர்க்கு, நெடுங்காலம் உழைத்த காரணத்தால் மட்டும் நிரந்தர உரிமை பிறவாது என்று அந்நீதிமன்றம் கூறியது. 2024 டிசம்பரில் ஜக்கோ என்பார் வழக்கில், நிலையான தேவையுள்ள பணியை நெடுங்காலம் செய்துவந்தவர்களை அப்பழைய தீர்ப்பைக் காட்டி ஒதுக்குதல் நேர்மையன்று என்று நீதிமன்றம் கண்டித்ததும் உண்டு. இது ஆறுதலே, ஆயினும் வழக்காடி வென்றவரின் ஆறுதல். இளைஞன் தன் இருபது வயதில் அதனை நம்பித் திட்டமிடலாகாது. இன்று கையில் உள்ள ஒப்பந்தம் தருவதை மட்டுமே கணக்கில் எழுதுக. வாய்ச்சொல்லாக வரும் நாளையை எழுதற்க.

3. கூலிக் கணக்கு

நாளுக்கு 1,000 ரூபாய் என்றால் மாதம் 30,000 என்று மனம் உடனே பெருக்குகிறது. தாளை எடுத்துப் போட்டுப் பார்ப்போம்.

ஒப்பந்த வேலையில் மாதம் 22 நாள் வேலை கிடைக்கிறது என்க, வரவு 22,000. ஓர் ஒப்பந்தம் முடிந்து மற்றொன்று வருமளவும் ஆண்டில் இரண்டு மாதம் சும்மா இருக்க நேரிடும் என்க. பத்து மாத வரவு 2,20,000. இதனைப் பன்னிரண்டு மாதத்திற்குப் பகிர்ந்தால் மாதம் 18,333 ரூபாய்தான்.

நிலையான வேலையில் மாதம் 18,000. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,000 என்க. வருங்கால வைப்புநிதிக்கு நிறுவனம் தன் பங்காக 12 விழுக்காடு செலுத்தினால் 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. காப்புறுதிக்கு நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு எனின் 585 ரூபாய். பணிக்கொடை ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்திற்கு இருபத்தாறு நாளாகக் கணக்கிட்டால் ஆண்டில் 8,654, மாதத்தில் 721 ரூபாய். எல்லாம் கூட்ட 21,106 ரூபாய் ஆகின்றது. போனஸும் இதில் சேரவில்லை. சம்பளத்தோடு கூடிய விடுப்பு இருபது நாள் வேலைக்கு ஒருநாள் வீதம் வேறு உண்டு.

இதற்கு ஈடாக வேண்டுமாயின், ஆண்டில் 220 நாளே வேலையுள்ள ஒப்பந்தத்தான் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,150 ரூபாய் பெறவேண்டும். தங்குமிட வாடகையும் பஸ் கட்டணமும் கருவிகளும் தன் செலவாயின் இன்னும் கூட வேண்டும். 1,000 பெரிது, 18,000 சிறிது என்று கண்டது கண்ணின் மயக்கம்.

ஆனால் இக்கணக்கின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. 1,500 ரூபாய் நாட்கூலி தரும் காண்ட்ராக்டர் கிடைத்தால், பத்து மாதத்திலேயே 3,30,000 வரும், கணக்குத் திரும்பிவிடும். பணிக்கொடை ஐந்தாண்டு நிறைந்த நிரந்தரப் பணியாளர்க்கே உரியது. மூன்றாம் ஆண்டில் விலகுவோன் அந்த 721 ரூபாயைக் கணக்கிலிருந்து அடித்துவிட வேண்டும். காலவரையறையோடு நிறுவனமே நேராக அமர்த்தும் பணியாளர்க்கு மட்டும் புதிய சட்டத்தின்படி ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை உண்டு. ஆகவே அவரவர் தம் எண்களை இட்டுத் தாமே போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு இது.

4. பொறுப்பு யாருடையது?

மின்சாரத்தோடு பழகும் தொழிலில் ஒரு கணத் தவறு உயிரையும் கொள்ளும். ஆதலின், 'எனக்குக் காயம் நேர்ந்தால் யார் பொறுப்பு?' என்பது கூலிக்கு அடுத்து வரும் வினாவன்று. கூலிக்கு முன்வரும் வினா.

வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் சட்டப்படி உரியனவே. இ.எஸ்.ஐ. பதிவுடையோர்க்கு மருத்துவம் கிடைக்கும். வேண்டிய காலம் தொகை செலுத்தியிருந்தால், நோயுற்ற நாட்களில் ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தின் 70 விழுக்காடு கிடைக்கும். பணியிடத்தில் காயமுற்றுச் செயலிழந்தால் 90 விழுக்காடு கிடைக்கும். மாத ஊதியம் 21,000 ரூபாய்வரை உள்ளோர்க்கு இப்பாதுகாப்பு என்று 2017 முதல் வரம்பு நின்றது. காண்ட்ராக்டர் பெயரளவில் பதிந்து பணம் கட்டாமலும் விடக்கூடும். வைப்புநிதிக் கணக்கு எண்ணாகிய யு.ஏ.என். கையில் இருந்தால், மாதந்தோறும் பணம் ஏறுகின்றதா என்று தொழிலாளியே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். காண்ட்ராக்டர் கூலி தராமல் மறைந்தால் முதன்மை நிறுவனமே அதனைத் தரக் கடமைப்பட்டது என்பது 1970-இலிருந்து வரும் சட்டம். புதிய தொகுப்பிலும் அது நிற்கிறது. ஆனால் அந்த ஆலையில், அந்த நாட்களில் வேலை செய்ததற்குச் சான்று தொழிலாளியிடம் இருக்கவேண்டும். நுழைவுச் சீட்டு, வருகைப் பதிவு, கூலிச் சீட்டு ஆகியவற்றை எறிந்துவிடாமல் ஒரு தகரப் பெட்டியில் வைப்பது பெருங்காப்பு.

வேலைநேரமும் இப்பொறுப்பில் சேர்ந்ததே. வாரத்திற்கு 54 மணியாக இருந்த ஆலைநேரம் 1946-இன் திருத்தச் சட்டத்தால் 48 மணியாகக் குறைந்தது. 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கரே. ஷட்டவுன் நாட்களில் பன்னிரண்டு மணி, பதினாறு மணி என்று இளைஞர்கள் தொடர்ந்து நிற்கும்போது, மிகைநேரத்திற்கு இரட்டைக் கூலி உரியது என்பதையும், உறங்காத கண் மின்கம்பியைப் பிழைபடக் காணும் என்பதையும் மறந்துவிடுகின்றனர்.

5. நிலைப்பணியும் நிலையற்றதே

இதுகாறும் சொன்னவற்றால் நிலையான வேலையே எக்காலும் நன்று என்று கொள்ளற்க. 'நிலையான' என்பது அதன் பெயர். அதுவும் காரணங்களால் தோன்றிக் காரணங்களால் அழிவதே.

பாலக்காட்டு மாவட்டத்துப் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய குளிர்பான ஆலை, நிலத்தடி நீர்ப் போராட்டத்தின் நடுவே 2004 மார்ச்சில் நின்றுபோயிற்று. கஞ்சிக்கோட்டிலுள்ள இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனத்தின் ஆலையும், ராஜஸ்தானத்துக் கோட்டாவிலிருந்த அதன் தாய் ஆலையும் ஒரே மத்திய அரசு நிறுவனத்தைச் சார்ந்தவையாய் இருந்தன. 2016 நவம்பரில் மத்திய அமைச்சரவை கோட்டா ஆலையை மூடவும், கஞ்சிக்கோட்டு ஆலையைக் கேரள அரசுக்கு மாற்றவும் கொள்கையளவில் முடிவு செய்தது. அரசுச் சம்பளம் என்று அமர்ந்தவர்களும் அவ்வாறு கலங்க நேர்ந்தது. இடுக்கியில் 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டுத் தோட்டங்கள் பல மூடிக் கிடந்தன. கூலிபாக்கியும் பணிக்கொடையும் கைக்கு வராமல் தொழிலாளர் தவித்தனர்.

தமிழ்ப் பௌத்தராகிய நமக்கு மற்றொரு சான்று நெஞ்சுக்கு நெருக்கமானது. கோலார் தங்கவயலுக்கு 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே தமிழ்த் தொழிலாளரிடையே பௌத்த சங்கம் வேரூன்றியது. தலைமுறை தலைமுறையாய்ச் சுரங்கத்தை நம்பியிருந்த அவ்வூரில் 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. அந்நாளில், வெளியூரில் விலைபோகும் தொழில் கையில் இருந்தவர்க்குச் செல்ல இடமிருந்தது. ஒரே ஆலையின் ஒரே எந்திரத்தை மட்டும் அறிந்திருப்பவன், ஆலை மூடும் நாளில் ஒப்பந்தத்தானைவிட ஏழையாகிறான்.

6. அரசுப் பணி நோக்குவோர்க்கு

மின்வாரியப் பணிகள் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே நிரப்பப்படுகின்றன. அங்கே பட்டியல் சாதியினர்க்கு இடஒதுக்கீடும், ஐந்தாண்டு வயதுத் தளர்வும் உண்டு. பௌத்தம் தழுவியோர்க்கும் பட்டியல் சாதி உரிமை உண்டென்பது 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உறுதியாயிற்று. காண்ட்ராக்டர் தாமே ஆள் பொறுக்கும் இடத்தில் இவ்வொதுக்கீடு எட்டுவதில்லை. ஆயினும் இடுக்கித் தோட்டத்துத் தமிழர் பலர், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே தம் முன்னோர் இம்மண்ணில் குடியிருந்ததைக் காட்டும் பத்திரமின்றிச் சாதிச் சான்றிதழ் பெற இயலாது இடர்ப்படுகின்றனர். பாட்டனாரின் பெயருள்ள பழைய தோட்டப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைச் சீட்டு ஆகியவற்றைத் தேடி எடுப்பதைத் தேர்வு அறிவிப்பு வந்தபின் தொடங்கலாகாது. இன்றே தொடங்க வேண்டும்.

7. இல்லறத்தார்க்குரிய அளவுகோல்

பகவான் புத்தர் இல்லறத்தார்க்குப் பொருள்வழியையும் போதித்துள்ளார். கோலியர் குலத்துத் தீகஜாணுவுக்கு அவர் எடுத்துரைத்தவை நான்கு: தொழிலில் திறமும் முயற்சியும், ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவறிந்து செலவிடல். அநாதபிண்டிகருக்கு உரைத்தவிடத்தில், இல்லறத்தானின் இன்பங்களுள் கடனின்மையையும் குற்றமற்ற தொழிலையும் எண்ணினார். சிகாலருக்கு உரைத்தவிடத்திலோ, வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் காப்பு, ஓய்வு முதலியவற்றை வேலை கொள்வோரின் கடமையாக வைத்தார். செய்யும் வேலையை நன்றாகச் செய்தலைப் பணியாளரின் கடமையாக வைத்தார்.

இவற்றை நம் வினாவிற்கு அளவுகோலாக்கினால் நான்கு கேள்விகள் கிடைக்கின்றன. இவ்வேலையில் என் தொழிற்றிறம் வளர்கின்றதா? ஈட்டியது சேர்கின்றதா? எனக்கு நோயோ காயமோ நேர்ந்தால் காக்கக் கடமைப்பட்டவர் யார் என்று பெயர் சொல்ல முடிகின்றதா? இவ்வேலையால் கடன் குறையுமா, கூடுமா?

8. முடிபு

நாம் எண்ணிய இளைஞனிடம் திரும்புவோம். ஓராண்டிற்குள் அவன் வாடகைக்கு வீடு பிடித்து, முன்பணம் கட்டி, பெற்றோரைக் குடிவைக்க வேண்டும். மாதந்தோறும் தவறாமல் ஒரு தொகை வேண்டியவனுக்கு, இரண்டு மாதம் வரவின்றி இருப்பது கந்துவட்டிக்காரன் வாயிலில் கொண்டு நிறுத்தும். ஆதலின், 18,000 ரூபாய் நிலைப்பணியை அவன் ஏற்பதே தக்கது என்பது நம் கருத்து. ஏற்றபின் உறங்கிவிடாமல், கேரள மாநில மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் உரிமத்தைப் பெறுக. ஒரே மின்பலகையோடு நில்லாமல் புதிய எந்திரங்களையும் கற்க. நான்கு மாதச் செலவுக்குப் போதுமான தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்க்க.

அத்தொகை சேர்ந்து, பெற்றோரும் ஓரிடத்தில் அமர்ந்தபின், கூடுதல் திறம் கற்பிக்கும் முதல்வகை ஒப்பந்த வேலை வந்தால் அவன் அச்சமின்றிச் செல்லலாம். எத்தனை மாதம், என்ன கூலி, யார் பொறுப்பு என்பன எழுத்தில் இருக்கட்டும். இரண்டாம் வகை ஒப்பந்தத்தில் ஏற்கெனவே சிக்கியிருப்போர், தம் சீட்டுகளைச் சேர்த்துவைத்து, உடன் உழைப்போரோடும் சங்கத்தோடும் கூடி உரிமை கேட்பதோடு, வெளியே செல்லும் வழியையும் தேடிக்கொள்ள வேண்டும்.

மழையில் நனைந்த மின்பலகையை, மின்சாரத்தை நிறுத்தாமலே திறக்கச் சொல்லும் மேற்பார்வையாளர் என்றேனும் ஒருநாள் எதிரில் நிற்பார். அன்று 'மாட்டேன்' என்று சொல்ல வல்லவனாய் இருக்கவேண்டும். சட்டம் தரும் காப்பும், கையில் உள்ள உரிமமும், பெட்டியில் உள்ள நான்கு மாதச் செலவும் சேர்ந்தே அச்சொல்லுக்கு வலிமை தருகின்றன. அவ்வலிமையை எந்த வேலை வளர்க்கின்றதோ அதனைத் தேர்க.

படிப்பு வட்டத்தில் ஆராய்தற்கு:

1. உங்கள் வீட்டில் ஒருவர் செய்யும் ஒப்பந்த வேலை இயல்பாக முடிவதா, தொடர்வதா? காரணம் கூறுக.

2. மூன்றாம் பகுதியிலுள்ள கணக்கை உங்கள் சொந்த எண்களைக் கொண்டு போட்டுப் பார்க்க.

3. வைப்புநிதி எண், கூலிச் சீட்டு, பழைய குடியிருப்புப் பத்திரம் ஆகியவற்றுள் உங்களிடம் இல்லாதது எது? அடுத்த கூட்டத்திற்குள் அதனைப் பெற யாது செய்வீர்?